தாத்தாவின் ராஜாஜியும் அண்ணனின் விசாவும்

எங்கள் வீட்டில் ட்ரம்ப்புக்குப் பரிந்து பேசுகிற ஒரே ஆள் என் தாத்தா. அம்மாவைப் பெற்றவர். வயது 84. தென்காசியில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் காசி விஸ்வநாதர் கோயில் வரைக்கும் ஒரு நடை, திரும்பி வந்து காபி, அதற்குப் பிறகு அண்ணன் வாங்கிக் கொடுத்த டிவியில் யூடியூப். டக்கர் கார்ல்சன், பென் ஷாபிரோ என்று அமெரிக்க வலதுசாரிப் பேச்சாளர்கள் எல்லாரும் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. "இன்னைக்கு டக்கர் என்ன சொல்லுதான் தெரியுமாட்டி?" என்றுதான் என்னிடம் பேச்சையே ஆரம்பிப்பார்.

நான் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். ஜர்னலிசம் டிப்ளமோ முடித்த நாளிலிருந்து நான் எழுதிய தலைப்புகளில் பாதிக்கு மேல் 'ட்ரம்ப் அதிரடி' வகைதான். ஆனால் அமெரிக்க வலதுசாரிகளுக்குள் என்ன சண்டை, எதற்குச் சண்டை என்று எனக்குப் புரிய வைத்தவர் தாத்தாதான்.

உதாரணத்துக்கு, 2025 ஜூன் மாதம். ஈரான்மீது அமெரிக்கா குண்டு போடலாமா கூடாதா என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம். டெட் குரூஸ் என்கிற டெக்சாஸ் செனட்டரை டக்கர் கார்ல்சன் பேட்டி எடுத்தார். இரண்டு பேருமே வலதுசாரிகள், இரண்டு பேருமே ட்ரம்ப் ஆதரவாளர்கள். ஈரானின் மக்கள்தொகை எவ்வளவு என்று டக்கர் கேட்க, குரூஸுக்குத் தெரியவில்லை. தாத்தா அந்த இடத்தை மூன்று முறை போட்டுப் பார்த்துச் சிரித்தார். "எத்தனை பேர் இருக்கான்னே தெரியாத ஊருக்குச் சண்டைக்குப் போறானாம்." சில நாளிலேயே ஃபோர்டோ, நடான்ஸ், இஸ்ஃபஹான் என்று மூன்று இடங்களில் குண்டு விழுந்தது. அன்றைக்கு மட்டும் தாத்தா ட்ரம்ப்பைத் திட்டினார். ஊரான் சண்டையில் நுழையாமல் தன் வீட்டைப் பார்ப்பவன்தான் உண்மையான பழைமைவாதி என்பது அவர் கட்சி.

அவர் கட்சி என்றால் நிஜமாகவே ஒரு கட்சி உண்டு. சுதந்திரா கட்சி. ராஜாஜி 1959-ல் ஆரம்பித்தது, நட்சத்திரச் சின்னம். 1967 தேர்தலில் மக்களவையில் 44 இடம், நம் சட்டசபையில் 20 இடம் பிடித்த கட்சி. இன்றைக்கு என் வயதுக்காரர்களிடம் பெயரைச் சொன்னால் ஏதோ சுதந்திர தின நிகழ்ச்சி என்று நினைப்பார்கள். தாத்தா அந்த நாளில் ராஜாஜியின் கட்டுரைக்காகவே 'ஸ்வராஜ்யா'வும் 'கல்கி'யும் வாங்கியவர். ரசிகமணி டி.கே.சி.யைப் பார்க்க ராஜாஜியும் கல்கியும் குற்றாலத்துக்கு வந்து போன கதைகளை, தானும் கூட உட்கார்ந்து சாரல் வாங்கியது போலவே சொல்வார். கணக்குப் போட்டுப் பார்த்தால் டி.கே.சி. இறந்த 1954-ல் தாத்தாவுக்கு 13 வயது! குலக்கல்வித் திட்டம் பற்றிக் கேட்டால் மட்டும் திடீரென்று காது கேட்காது.

அவருக்கு மிகவும் பிடித்த ராஜாஜி கதை 1962-ல் நடந்தது. அமெரிக்கா, ரஷ்யா இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு அணுகுண்டு சோதனை நடத்திக்கொண்டிருந்த வருடம் அது. ராஜாஜிக்கு அப்போது 83 வயது. காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவோடு வாஷிங்டன் போய், செப்டம்பர் 28 அன்று வெள்ளை மாளிகையில் கென்னடியைச் சந்தித்து, சோதனையை நிறுத்துங்கள் என்று கேட்டார். குறித்துக் கொடுத்த நேரத்தையும் தாண்டிப் பேச்சு நீண்டது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், ராஜாஜி அமெரிக்க எதிர்ப்பாளர் இல்லை. கம்யூனிஸ்டுகளைக் கண்டாலே ஆகாது அவருக்கு. நேருவின் அணிசேராக் கொள்கையைக் கடுமையாக விமர்சித்தவர். அமெரிக்காவுக்கு வேண்டப்பட்ட மனிதர் ஒருவர், அவர்கள் வாசலிலேயே போய் நின்று, 'நீங்கள் செய்வது தப்பு' என்று சொன்ன கதை இது.

அடுத்த வருடம் ஆகஸ்ட் 5-ம் தேதி, வானத்திலும் கடலிலும் விண்வெளியிலும் சோதனை நடத்த மாட்டோம் என்று மாஸ்கோவில் அமெரிக்காவும் ரஷ்யாவும் பிரிட்டனும் கையெழுத்துப் போட்டன. "யாரால? எங்க ராஜாஜியால" என்பார் தாத்தா. நான் ஒப்புக்கொள்வதில்லை. அந்தச் சந்திப்பு நடந்த மூன்றே வாரத்தில் கியூபா ஏவுகணை நெருக்கடி வந்து, இரண்டு நாடுகளும் அழிவின் விளிம்பு வரை போய்த் திரும்பின. அந்தப் பயம்தான் கையெழுத்துப் போட வைத்தது என்பது என் கட்சி. இந்த வாக்குவாதம் எங்கள் வீட்டில் தோசை சுடும் நேரத்தில் பலமுறை நடந்திருக்கிறது. தீர்ப்பு வந்ததில்லை.

இப்படி டிவிக்குள்ளேயே இருந்த அமெரிக்க அரசியல், 2025 செப்டம்பர் 20, சனிக்கிழமை காலையில் எங்கள் நடுவீட்டுக்கு வந்துவிட்டது.

அண்ணன் டெக்சாஸில் இருக்கிறான். ஒன்பது வருடமாக எச்-1பி விசா. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறான். எந்த ஒரு நாட்டுக்காரர்களுக்கும் மொத்தத்தில் 7 சதவிகிதத்துக்கு மேல் இல்லை என்பது அங்கே விதி என்பதால், இந்தியர்களின் வரிசை ஆமை வேகத்தில்கூட நகராது. மதினியையும் மகளையும் அங்கே விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மகாளய அமாவாசை. அப்பா இறந்து மூன்று வருடத்தில், முதல் முறையாகக் குற்றாலத்தில் தர்ப்பணம் கொடுக்க அவனுக்கு லீவு அமைந்திருந்தது.

காலை காபிக்கு முன்பே அவன் போனில் கம்பெனி வக்கீலின் மெயில். புதிய எச்-1பிக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று ட்ரம்ப் கையெழுத்துப் போட்டுவிட்டார். நம் பணத்தில் சுமார் 88 லட்சம். வெளிநாட்டில் இருப்பவர்கள் உடனே திரும்புங்கள், உள்ளே இருப்பவர்கள் வெளியே போகாதீர்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரை நேரப்படி ஞாயிறு பிறந்து ஒரு நிமிடம் ஆகும்போது ஆணை அமலுக்கு வரும். நம் கணக்கில் ஞாயிறு காலை 9.31. இருக்கிற ஊழியர்களுக்கும் பொருந்துமா, வருடா வருடம் கட்ட வேண்டுமா என்று அந்த மெயிலை எழுதியவருக்கே தெரியவில்லை. அமெரிக்க வர்த்தகத்துறை அமைச்சர் வேறு, வருடத்துக்கு ஒரு லட்சம் என்கிற மாதிரிப் பேசி வைத்திருந்தார்.

செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் போய், அங்கிருந்து வளைகுடா போய், அங்கிருந்து டல்லாஸ். அண்ணன் லேப்டாப்பில் திரும்பத் திரும்பத் தேடினான். எந்த விமானமும் அந்த நேரத்துக்குள் போய்ச் சேராது. டிக்கெட் விலை மட்டும் ஒவ்வொரு தேடலுக்கும் ஏறிக்கொண்டே போனது. அம்மாவோ, "அப்பாக்குத் திதி குடுக்காம எப்பிடிப் போவ?" என்று ஒரே கேள்வியில் நின்றார். இதற்கு நடுவே என் ஆபீஸிலிருந்து மெசேஜ். எச்-1பி பற்றி பத்துக் கேள்வி-பதில், உடனே வேண்டுமாம். கேள்விகளைக் கேட்க ஆளைத் தேடி நான் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை.

தாத்தா வாயைத் திறந்தது அப்போதுதான். "அவன் வீடு, அவன் கதவு. யார உள்ள விடணும்னு அவன்தான் சொல்லணும். இதுல கோவப்பட என்ன இருக்கு?"

அண்ணன் தாத்தாவை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பேசினான். "நான் சுவரேறிக் குதிச்சுப் போகல தாத்தா. கூப்பிட்டாங்க, போனேன். ஒம்பது வருஷமா வரி கட்டுதேன். சோஷியல் செக்யூரிட்டி கட்டுதேன். பத்து வருஷம் கட்டினாத்தான் அதுல எனக்கு பென்ஷன். இப்ப துரத்திட்டா அது அவ்வளவும் அவனுக்குத்தான்." அவன் சொன்னது உண்மை. சில நாடுகளோடு இதற்கு அமெரிக்கா ஒப்பந்தம் வைத்திருக்கிறது, அங்கே கட்டியது இங்கே கணக்கில் சேரும். இந்தியாவோடு அப்படி ஒப்பந்தம் இல்லை.

தாத்தா பதில் சொல்லவில்லை. "அந்த ஆர்டரைக் காட்டு" என்றார் என்னிடம். வெள்ளை மாளிகை இணையதளத்திலிருந்து எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி டிவியில் போட்டேன். வாத்தியார் விடைத்தாள் பார்ப்பது போல வரி வரியாகப் படித்தார். ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னார். தேசநலன் என்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர் கருதினால், ஒரு தனிநபருக்கோ, ஒரு கம்பெனிக்கோ, ஒரு தொழில்துறைக்கே மொத்தமாகவோ இந்தக் கட்டணத்திலிருந்து விலக்கு கொடுக்கலாம் என்று இருந்தது. செயலர் என்றால் நம் ஊர்க் கணக்கில் அமைச்சர்.

தாத்தா கண்ணாடியைக் கழற்றினார். "இது பெர்மிட் ராஜ்யம்லா! மந்திரி நினைச்சா உனக்கு உண்டு, நினைக்காட்டி இல்ல. இதைத்தான ராஜாஜி வேண்டாம்னு கட்சியே ஆரம்பிச்சாரு."

எனக்கு அந்த நொடியில் பல விஷயங்கள் விளங்கின. காங்கிரஸ் ஆட்சியை 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்' என்று ராஜாஜி அடித்தது, எல்லாக் கதவுக்கும் சாவி அரசாங்கத்தின் கையில் இருந்ததால்தான். சாவி இருக்கிற இடத்தில் சலுகையும் இருக்கும், சலுகை இருக்கிற இடத்தில் கும்பிடும் கூட்டமும் இருக்கும். வரி விஷயத்திலும் இதே கதைதான். 2025 ஆகஸ்ட் 7-ல் இந்தியப் பொருட்களுக்கு 25 சதவிகிதம் போட்டார்கள், ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாக ஆகஸ்ட் 27-லிருந்து இன்னொரு 25 சேர்த்தார்கள். ஆனால் அப்போது ஸ்மார்ட்போனுக்கும் மருந்துக்கும் விலக்கு இருந்தது. பனியனுக்கும் இறாலுக்கும் இருக்கவில்லை. எங்கள் தெருவில் இரண்டு வீட்டுப் பையன்கள் திருப்பூரில் தைக்கிறார்கள். அவர்களுக்காக எந்த மந்திரி வீட்டில் யார் போய் நிற்பது?

அமெரிக்க வலதுசாரிகளுக்கும் இது தெரியாமல் இல்லை. 2024 கிறிஸ்துமஸ் சமயத்தில், சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனை ஏ.ஐ. ஆலோசகராக ட்ரம்ப் அறிவித்தபோது அவர்களுக்குள்ளேயே பெரிய சண்டை நடந்தது. திறமைசாலிகள் வரட்டும் என்று ஈலான் மஸ்க்கும், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையான விவேக் ராமசாமியும் ஒரு பக்கம். அமெரிக்கனுக்கே வேலை என்று ஸ்டீவ் பேனன் மறுபக்கம். அப்போது ட்ரம்ப் எச்-1பி நல்ல திட்டம் என்றார். ஒன்பது மாதத்தில் இந்த ஆணை. "பழசைக் காப்பாத்துதவன் ராத்திரியோட ராத்திரியா சட்டத்தை மாத்த மாட்டான். அது புரட்சிக்காரன் செய்யுத வேலை" என்றார் தாத்தா. கதவு அவனுடையது என்பதை மட்டும் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணனுக்கு அதில்தான் வருத்தம்.

அன்று இரவு யாரும் தூங்கவில்லை. நடுநிசி தாண்டிய பிறகுதான் வெள்ளை மாளிகையிலிருந்து விளக்கம் வந்தது. இது ஒரே முறை கட்டணம், புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும், இப்போது விசா வைத்திருப்பவர்கள் போகலாம் வரலாம். அண்ணன் மதினிக்குப் போன் போட்டு, ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே இருந்தான். காலையில் குற்றாலம் போனோம். சரியான கூட்டம். 9.31-க்கு அவன் ஈர வேட்டியோடு எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு அந்த நேரத்தின் கணக்கெல்லாம் தெரியாது.

அந்த வாரமே ஸ்ரீதர் வேம்புவின் எக்ஸ் பதிவு வைரலானது. பிரிவினையின்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த சிந்திக் குடும்பங்கள் இந்தியாவில் மீண்டும் வாழ்க்கையைக் கட்டிக்கொண்டதைச் சொல்லி, அமெரிக்காவில் பயந்து வாழ வேண்டாம், திரும்பி வாருங்கள், ஐந்து வருடம் ஆகலாம் ஆனால் வலுப்பெறுவீர்கள் என்கிற அர்த்தத்தில் எழுதியிருந்தார். மற்ற ஊர்களுக்கு அது ஒரு செய்தி. எங்களுக்கு அவர் பக்கத்து மத்தளம்பாறைக்காரர். 2019-ல் கலிஃபோர்னியாவை விட்டு இங்கே வந்து தங்கியவர். அவர் கம்பெனியால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சென்னை பஸ் ஏறாமலே வேலை பார்க்கிறார்கள். சொன்னதைச் செய்து காட்டியவர் என்பதால் அவர் சொல்லுக்கு இங்கே மரியாதை அதிகம். எனக்கும் உண்டு.

ஆனால் சொந்தக் கம்பெனியோடு திரும்பி வருவது வேறு, வீட்டுக்கடனோடு திரும்பி வருவது வேறு. அகதிகளுக்கு வேறு வழி இல்லாமல் இருந்தது. அண்ணனுக்கு ஒரு வழி மிச்சம் இருக்கிறது, அதுதான் அவனை இரண்டு பக்கமும் இழுக்கிறது. பதிவைப் படித்துவிட்டு அவன் கேட்டது ஒன்றுதான்: "ஆறு வயசுப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. இங்க எந்த ஸ்கூல்ல சேப்பாங்க?" நான் இரண்டு பள்ளிகளில் விசாரித்தும் வைத்திருக்கிறேன். ஒருபுறம், அந்த ஊர்க் கடனின் அடுத்த தவணையையும் அவன் கட்டிக்கொண்டுதான் இருக்கிறான்.

வியாழக்கிழமை விமானம் ஏறினான். டல்லாஸில் எந்தக் கேள்வியும் கேட்கவில்லையாம். ஆனாலும் இனி அவசியம் இல்லாமல் வெளியே போக வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பொங்கலுக்கு வரவில்லை என்று இப்போதே சொல்லிவிட்டான்.

அடுத்த மகாளய அமாவாசை 2026 அக்டோபர் 10-ல் வருகிறது. அம்மா காலண்டரே இல்லாமல் அதைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். போன வாரம் தோசை சுடும்போது தாத்தாவிடம் கேட்டார். "அவனால வர முடியலன்னா, இவ குடுக்கலாமாப்பா? பொம்பளப் பிள்ளைதான், ஆனா அவருக்கு மகள்லா?" தாத்தா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்னியை ஒரு முறை தொட்டார். பிறகு கையைக் கழுவிவிட்டுப் போய் டிவியைப் போட்டார்.

சத்தத்தை மட்டும் வைக்கவில்லை.