உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை

“வேற ஒருத்தரும் இப்பிடிச் சொல்லேல்லையே, உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை.” மென்பொருள் கம்பனிகளின் உதவி இலக்கத்துக்கு அழைத்த பலருக்கு இந்த வசனம் புதிதல்ல. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் ஒரு கம்பனி வாடிக்கையாளருக்குச் சொல்லக்கூடிய ஆபத்தான வசனம் இதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

சண்டிலிப்பாயில் எங்கட மாமாவுக்கு ஒரு பலசரக்குக் கடை இருக்கு. கொப்பியில் கணக்கெழுதிய கடைக்குப் போன வருசம் பில் போடும் மென்பொருள் வந்தது. பராமரிப்புக் காசும் முன்கூட்டியே கட்டியாச்சு. இரண்டாம் மாதத்திலிருந்து, இரவு கணக்கு முடிக்கும்போது லாச்சியில் காசு குறையத் தொடங்கியது. ஒருநாள் நானூறு, இன்னொருநாள் ஆயிரத்து இருநூறு. திரை சொல்வதுதான் சரி, லாச்சிதான் பிழை என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். காசு வாங்கும் அக்காவை ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவவுக்கு முன்னாலேயே காசை இரண்டு தரம் எண்ணினார்கள். வேலையை விடப்போறன் எண்டு அவ சொன்னா.

கலைப்பீடத்தில் படித்தாலும், வீட்டில் ‘கொம்பியூட்டர் தெரிஞ்ச பிள்ளையள்’ நாங்கள்தானே. கொழும்புக்கு அழைத்தோம். தமிழுக்கு இரண்டை அழுத்தினோம்; சிங்களத்தில் கதைத்தார்கள். முறைப்பாட்டு இலக்கம் ஒன்று தந்தார்கள். மூன்றாம் நாள் ‘தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. அன்றிரவும் காசு குறைந்தது. திரும்ப அழைத்தபோதுதான் அந்த வசனத்தைக் கேட்டோம்.

பிறகு, மானிப்பாயில் அதே மென்பொருள் பாவிக்கிற ஒரு கடையில் விசாரித்தோம். அங்கேயும் அதே கதை! இரண்டு கடைப் பில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் பிடிபட்டது. சாமானைத் திருப்பித் தந்தவர்களுக்குக் கொடுத்த காசை அது கழிக்கவே இல்லை. அக்கா இப்பவும் அங்கேதான் வேலை செய்யிறா. கம்பனி அவவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

இதே கதை பிரித்தானியாவில் நாடளவில் நடந்தது. 1999 தொடக்கம் அங்குள்ள தபாலகங்களில் புஜிட்சு நிறுவனத்தின் ‘ஹொரைசன்’ கணக்கு மென்பொருள் பூட்டப்பட்டது. உப தபாலதிபர்கள் பலர் சின்னக் கடையொன்றின் மூலையில் தபாலகத்தையும் நடத்துகிறவர்கள். தெற்காசியக் குடும்பங்களும் அவர்களில் நிறைய. திரையில் பற்றாக்குறை காட்டினால் தங்கள் காசைப் போட்டுக் கட்டவேண்டியிருந்தது. உதவி இலக்கத்துக்கு அழைத்த பலரிடம், வேறு எவருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை என்றார்கள். 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். 2010இல் சிறைக்கு அனுப்பப்பட்டபோது சீமா மிஸ்ரா கர்ப்பிணி. குறைந்தது 13 பேர் இதனால் உயிரை மாய்த்திருக்கக்கூடும் என்கிறது 2025 யூலையில் வெளியான விசாரணை அறிக்கை.

அவர்கள் தனித்தனியாக இருந்தவரை, ஒவ்வொருவரும் தன்னில்தான் பிழையோ என்று யோசிக்கவேண்டியிருந்தது. 2009 நவம்பரில் அலன் பேற்ஸ் என்ற முன்னாள் உப தபாலதிபரின் முயற்சியால் ஃபெனி கொம்ப்ரன் என்ற கிராமத்தின் பொது மண்டபத்தில் அவர்கள் கூடினார்கள். பிறகு 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019 டிசம்பரில் நீதிமன்றம் உறுதிசெய்தது. 2024இல் தனிச்சட்டம் கொண்டுவந்து நூற்றுக்கணக்கான தீர்ப்புகளை நீக்கினார்கள்.

அழைப்பை எடுக்கிற பிள்ளையில் எங்களுக்குக் கோபமில்லை. அவருக்கும் எழுதிக் கொடுத்ததைத்தான் வாசிக்க விட்டிருப்பார்கள். பிரச்சினை அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. ஆளுக்கொரு முறைப்பாட்டு இலக்கம் தருகிறார்கள். ஒருவரின் முறைப்பாடு மற்றவருக்குத் தெரியாது. எல்லாம் தெரிந்த ஒரே ஆள் கம்பனிதான்.

எங்கட ஊர்களில் சனசமூக நிலையங்கள் இருக்கு. பேப்பர் வாசிக்கவும் கூட்டம் வைக்கவும் மட்டுந்தானா அவை? ஒரே மென்பொருள் பாவிக்கிற கடைக்காரர் பத்துப்பேர் மாதம் ஒருக்கால் அங்கே கூடி, திகதி, நேரம், தொகை எழுதிய கொப்பிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். திரையைப் படமெடுத்து வைக்கலாம். முறைப்பாட்டைப் பத்துப்பேரின் பெயரில் ஒரே கடிதமாக அனுப்பலாம்.

அதுக்குப் பிறகும் ‘உங்களுக்கு மட்டும்தான்’ எண்டு சொல்லட்டும் பாப்பம்.