பாங்காக்கில் எங்கே தங்கலாம்? முதலில் ஸ்டேஷன், அப்புறம் ஹோட்டல்!

சென்னையில் விமானம் ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் பாங்காக். முதல் வெளிநாட்டுப் பயணம் என்றதும் பல குடும்பங்கள் இந்த ஊரைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. டிக்கெட் போட்ட அன்றைக்கே வீட்டில் அடுத்த விவாதம் ஆரம்பித்துவிடும். எந்த ஏரியாவில் ரூம் போடுவது?

செயலியைத் திறந்தால் ஆயிரக்கணக்கான ஹோட்டல்கள். நீச்சல் குளம், காலை டிபன், மொட்டை மாடி ரெஸ்டாரன்ட் என்று படங்கள் கண்ணைப் பறிக்கும். கிட்டத்தட்ட எல்லோருமே ‘நகரின் மையத்தில்’ இருப்பதாகச் சொல்லிக்கொள்வார்கள். அங்கேதான் குழப்பமே. பாங்காக்குக்கு ஒரே ஒரு மையம் கிடையாது.

1782-ல் தலைநகரமாக ஆனபோது, சாவ் பிரயா ஆற்றின் வளைவில் அரண்மனையைச் சுற்றித்தான் ஊர் இருந்தது. அதன் பக்கத்தில் சீனர்களின் வணிகத் தெரு. பிறகு தெற்கே சீலோம், கிழக்கே சயாம், அதையும் தாண்டி சுகும்வித் என்று ஊர் நீண்டுகொண்டே போனது. அரண்மனை ஒரு மூலையில், ஷாப்பிங் ஒரு மூலையில், ஆறு இன்னொரு பக்கம். எதன் அருகில் தங்கினாலும் மற்றவை தூரம்தான்.

தூரத்தை விடுங்கள், நேரத்தைப் பாருங்கள்

இந்த ஊரின் சாலை அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பெரிய சாலைகள் குறைவு. அவற்றிலிருந்து பிரியும் சந்துகளுக்கு ‘சோய்’ என்று பெயர். நம் ஊர் சந்து போல நூறு அடியில் முடிந்துவிடாது. சில சோய்கள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும். பல சோய்களின் அந்தப் பக்கம் வழியே இருக்காது. எனவே எல்லா வண்டிகளும் திரும்பப் பெரிய சாலைக்கே வந்தாக வேண்டும். மாலை நேரத்தில் நான்கு கிலோமீட்டரைக் கடக்க டாக்ஸிக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை.

இந்த நெரிசலுக்கு மேலே 1999 முதல் ஓடுகிறது ஸ்கைட்ரெயின். பி.டி.எஸ். என்பார்கள். பெரும்பாலும் பூமிக்கு அடியில் ஓடும் எம்.ஆர்.டி. மெட்ரோ 2004-ல் வந்தது. இரண்டுக்கும் தனித்தனி டிக்கெட். ஆற்றில் படகுகள் ஓடுகின்றன. ரயில், படகு இரண்டும் டிராஃபிக்கில் மாட்டாது.

எனவே முதல் முறை போகிறவர்களுக்கு ஒரே ஒரு விதி. ரயில் ஸ்டேஷனிலிருந்து ஏழெட்டு நிமிடம் நடந்தால் ஹோட்டல் வர வேண்டும். ஒரு நாளைக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் என்று சோயின் கடைசியில் ரூம் போட்டால், போகவர வாடகை வண்டியில் அந்தப் பணம் கரைந்துவிடும். பணத்தைவிட, நான்கு நாள் பயணத்தில் தினமும் இரண்டு மணி நேரம் வண்டிக்குள் போய்விடும். பாட்டியின் முழங்காலும் குழந்தையின் பொறுமையும் அதைத் தாங்காது.

முகவரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். சுகும்வித் சாலையில் ஒரு பக்கம் ஒற்றைப்படை சோய்கள், எதிர்ப்பக்கம் இரட்டைப்படை. எண்கள் நேருக்கு நேர் வராது. தோங் லோ ஸ்டேஷனில் ஒரு பக்கம் சோய் 55 என்றால், எதிரே சோய் 38! எனவே பணம் கட்டும் முன் ஹோட்டலின் பெயரை மேப்பில் போட்டு, ஸ்டேஷனிலிருந்து ‘நடந்து போகும் வழி’ எத்தனை நிமிடம் என்று பாருங்கள்.

பெரியவர்கள் உடன் வந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஸ்கைட்ரெயின் ஸ்டேஷன்கள் உயரத்தில் இருக்கின்றன. லிஃப்ட் எல்லா வாசலிலும் இருக்காது. சில வாசல்களில் எஸ்கலேட்டர் மேலே ஏறுவதற்கு மட்டும்தான், இறங்கப் படிக்கட்டு. உங்கள் ஹோட்டல் பக்கத்து வாசலில் லிஃப்ட் உண்டா என்று ஹோட்டலுக்கே ஒரு மெசேஜ் அனுப்பிக் கேட்டுவிடலாம்.

எந்தப் பகுதி யாருக்கு?

சீலோம்: பெரியவர்களை அழைத்துப் போகும் தமிழ்க் குடும்பம் முதலில் பார்க்க வேண்டிய பகுதி. 19-ம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் சீலோம் சாலையிலேயே இருக்கிறது. தாய்லாந்து மக்கள் ‘வாட் கேக்’ என்று அழைக்கும் இந்தக் கோயிலில் நம்மவர்களைவிட அவர்கள் கூட்டம்தான் அதிகம் தெரியும். சாமந்தி மாலையும் தேங்காயும் ஏந்தி நிற்கும் அவர்களைப் பார்ப்பதே ஓர் அனுபவம். இட்லி, தோசை கிடைக்கும் கடைகளும் இந்த வட்டாரத்தில் உண்டு. கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் இருப்பது சுராசக் ஸ்டேஷன். அதற்கு அடுத்த ஸ்டேஷனான சபான் தக்சினில் இறங்கினால் கீழேயே படகுத்துறை. அங்கிருந்து அரண்மனைக்குச் சுமார் அரை மணி நேரத்தில் ஆற்றின் காற்றோடு போய்விடலாம்.

சுகும்வித் – அசோக்: ஸ்கைட்ரெயினும் எம்.ஆர்.டி.யும் சந்திக்கும் இடம் அசோக். இங்கிருந்து வண்டி மாறாமல் எம்.ஆர்.டி.யில் சைனா டவுன் போகலாம். அதே ரயிலில் தொடர்ந்தால் சனாம் சாய் ஸ்டேஷன். அங்கே இறங்கி நடந்தால் சயன புத்தர் இருக்கும் வாட் போ. பக்கத்திலேயே டெர்மினல் 21 மால். அதன் ஃபுட் கோர்ட்டில் விலை குறைவு என்பதால் உள்ளூர்க்காரர்களே வரிசையில் நிற்பார்கள். எல்லா இடத்துக்கும் எளிதாகப் போக வேண்டும் என்பவர்களுக்கு அசோக் நல்ல தேர்வு.

பிரதுனாம்: ஷாப்பிங்தான் முக்கியம் என்றால் இதுதான். பிளாட்டினம் மாலில் மொத்த விலைத் துணிக்கடைகள், எதிரே நெருக்கமான சந்தை, தெருவுக்குத் தெரு இந்திய உணவகம். பை நிறைய வாங்கிக்கொண்டு நடந்தே ரூமுக்குப் போகலாம். குறையும் உண்டு. சித் லோம் ஸ்கைட்ரெயின் ஸ்டேஷனுக்குக் கூட்டத்தில் கால் மணி நேரமாவது நடக்க வேண்டும். கால்வாய்ப் படகில் பழைய நகரம் பக்கம் போகலாம். ஆனால் அது நின்றும் நிற்காமலும் கிளம்பும். தாவி ஏறத் தெரிந்தவர்களுக்குத்தான் சரி.

ஆற்றங்கரை: ஜன்னலைத் திறந்தால் சாவ் பிரயா. விடியற்காலையில் சரக்குப் படகுகளை இழுத்துக்கொண்டு மெதுவாகப் போகும் சிறு கப்பல்கள், இரவில் விளக்கு அலங்காரத்தோடு போகும் விருந்துப் படகுகள். பல ஹோட்டல்கள் சபான் தக்சின் படகுத்துறைக்கு இலவசமாகப் படகு விடுகின்றன. புதுமணத் தம்பதிக்கும், ஓய்வெடுக்கப் போகிறவர்களுக்கும் ஏற்றது. வாடகை அதிகம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு வெளியே கிளம்புங்கள்.

பழைய நகரமும் காவ் சானும்: அரண்மனை, கோயில்கள் எல்லாம் இங்கே. ராட்சத ஊஞ்சல் கம்பத்துக்கு அருகில் இருக்கும் பிராமணர் கோயிலில் நடக்கும் அரச சடங்கின் பெயர் ‘திரியம்பவாய்’. நம் திருவெம்பாவையிலிருந்து போன பெயர் அது! ஆனால் முதுகுப்பை இளைஞர்களின் காவ் சான் தெருவில் நள்ளிரவு தாண்டியும் பாட்டு ஓயாது. ரயில் நிலையமும் பக்கத்தில் இல்லை. குழந்தைகளோடு தங்குகிறவர்கள் பகலில் வந்து பார்த்துவிட்டுப் போவதே நல்லது.

யாவராட்: சைனா டவுன். சாப்பாட்டுப் பிரியர்களின் தெரு. 2019-ல் எம்.ஆர்.டி. ஸ்டேஷன் வந்த பிறகு தங்குவதற்கும் வசதியாகிவிட்டது. அங்கிருந்து நடந்தால் பாஹுரத். சீக்கியர்களின் பெரிய குருத்வாராவும் புடவைத் துணிக் கடைகளும் உள்ள ‘குட்டி இந்தியா’. இரவில் தெரு முழுக்க அடுப்புகள். கடல் உணவு வாசனை ஒத்துக்கொள்ளாத சைவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தோடு போகிறவர்கள் கவனத்துக்கு

இரவு விடுதிகளுக்குப் பேர்போன மூன்று இடங்கள் நாம் மேலே பார்த்த பகுதிகளுக்குள்ளேயே இருக்கின்றன. நானா ஸ்டேஷன் அருகில் சோய் 4, அசோக் அருகில் சோய் 21-க்கும் 23-க்கும் இடையே உள்ள சோய் கவ்பாய், சீலோமில் பட்போங். ‘சீலோம் என்றாலே வேண்டாம்’ என்று பயப்படத் தேவையில்லை. இரண்டு தெரு தள்ளினால் அமைதியான ஹோட்டல்கள், பள்ளிகள், குடியிருப்புகள். இந்த மூன்று தெருக்களின் வாசலில் மட்டும் ரூம் போடாமல் இருந்தால் போதும்.

ஹோட்டலை விட வீடு எடுத்தால் சமைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் ஜாக்கிரதை. தாய்லாந்தின் ஹோட்டல் சட்டப்படி, உரிமம் இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பை 30 நாளுக்கும் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. பல கட்டடங்களின் வாசலிலேயே தினவாடகைக்குத் தடை என்று பலகை இருக்கும். சமையலறை வேண்டும் என்றால், உரிமம் உள்ள சர்வீஸ் அபார்ட்மென்ட்டாகத் தேடுங்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

* ஒரு ரூமில் எத்தனை பெரியவர்கள்? பல இடங்களில் இரண்டு பேருக்கு மேல் அனுமதி இல்லை. மூன்றாவது நபருக்குக் கூடுதல் கட்டணம் இருக்கும்.
* இந்தியாவிலிருந்து போகும் பல விமானங்கள் விடியற்காலையில் இறங்கும். ரூம் கொடுப்பது பெரும்பாலும் மதியம் 2 மணிக்கு. பெட்டியை மட்டும் வைத்துவிட்டு வெளியே போக முடியுமா என்று கேளுங்கள். பச்சைக் குழந்தையோ முதியவரோ இருந்தால் முந்தைய இரவுக்கும் சேர்த்து ரூம் போடுவதே நிம்மதி.
* பாத்ரூமில் கை ஷவர் உண்டா? தாய்லாந்தில் அது சாதாரணம். சில வெளிநாட்டு பாணி ஹோட்டல்களில்தான் வெறும் காகிதம்!
* செக்-இன் செய்யும்போது டெபாசிட் எவ்வளவு? கிளம்பும்போது திருப்பித் தருவார்கள். அதற்கான பணத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.
* ரூமுக்குள் துரியன் பழம் கொண்டுபோகப் பல ஹோட்டல்களில் தடை. வாசனை அப்படி! ஆசைப்பட்டால் கடையிலேயே சாப்பிட்டுவிடுங்கள்.

ஹோட்டலின் முழு முகவரியைக் கையில் வைத்திருங்கள். 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் ஆன்லைனில் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். தங்கும் முகவரியும் அதில் கேட்கப்படும். அரசு இணையதளத்தில் இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. முகவரியைத் தாய் எழுத்திலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்ஸி டிரைவரிடம் காட்ட உதவும்.

சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து ரயில் இருக்கிறது. சுமார் அரை மணி நேரத்தில் பயா தாய் ஸ்டேஷன். அங்கே ஸ்கைட்ரெயினுக்கு மாறலாம். நள்ளிரவுக்குப் பிறகு ரயில் இல்லை. டாக்ஸி என்றால் மீட்டர் கட்டணத்தோடு விமான நிலையக் கட்டணம் 50 பாட்டும், மேம்பாலச் சாலை டோலும் சேரும். பல டாக்ஸிகளின் டிக்கியில் கேஸ் சிலிண்டர் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். நான்கு பேர், நான்கு பெட்டி என்றால் பெரிய வண்டி கேளுங்கள்.

ஏப்ரலில் போகிறீர்களா?

நம் சித்திரைப் புத்தாண்டு சமயத்தில்தான் அவர்களுக்கும் புத்தாண்டு. ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான். ஊரே ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும். சீலோமிலும் காவ் சானிலும் நனையாமல் தெருவைக் கடக்க முடியாது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் பெட்டியோடு ஹோட்டல் வந்து சேர்வதை மட்டும் அந்த நாட்களில் வைத்துக்கொள்ளாதீர்கள். மழைக்காலத்தில், குறிப்பாக செப்டம்பர், அக்டோபரில் போகிறவர்களுக்கு ஸ்டேஷன் விதி இரட்டிப்பு முக்கியம். பலத்த மழை கொட்டினால் சில சோய்களில் முழங்கால் வரைகூடத் தண்ணீர் நிற்கும்.

ஐந்து நாள் பயணத்துக்கு ஒரு யோசனை

நான்கு இரவுதான் என்றால் நடுவில் ஹோட்டல் மாற்றாதீர்கள். மூட்டை கட்டி அவிழ்ப்பதிலேயே அரை நாள் போய்விடும். தாத்தா, பாட்டி வந்தால் சீலோமில் சுராசக் ஸ்டேஷன் பக்கம். பள்ளிப் பிள்ளைகளோடு எல்லாவற்றையும் சுற்ற வேண்டும் என்றால் அசோக். கல்யாணத்துக்குத் துணி எடுக்கவே போகிறோம் என்றால் பிரதுனாம்.

அரண்மனைக்குப் போகும் நாளில் மட்டும் காலை ஏழரைக்கெல்லாம் ரூமைவிட்டுக் கிளம்பிவிடுங்கள். எட்டரைக்குக் கதவு திறக்கும். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். வெயில் ஏறுவதற்குள் பார்த்து முடித்து, படகில் திரும்பி, பெரியவர்களை ரூமில் சற்று படுக்கச் சொல்லலாம். மாலையில் எல்லோரும் மறுபடி தெம்பாக வெளியே கிளம்பலாம். ஸ்டேஷன் பக்கத்தில் ரூம் இருந்தால்தான் அந்த மதியத் தூக்கம் சாத்தியம்.