வயர் நுனி

பேனல் கதவைத் திறந்தால் என் கண் முதலில் வயர் நுனிகளுக்குத்தான் போகும். ஒவ்வொரு நுனியிலும் பின் லக்ஸ் என்ற உலோக முனை அடித்திருக்கிறதா, எண் போட்ட ஃபெரூல் வளையம் மாட்டியிருக்கிறதா, டெர்மினலுக்கு வெளியே செம்பு தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கன்ட்ரோலருக்கு வருவேன். கன்ட்ரோலரைப் பொருத்துவது பெரிய வேலை இல்லை. மேல் கொக்கியை 35 மி.மீ. டின் ரெயிலில் மாட்டி, கீழே ஓர் அழுத்து அழுத்தினால் ‘டக்’கென்று உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு வருகிற வாரங்களெல்லாம் வயருக்கே போய்விடும்.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் பி.எம்.எஸ். (கட்டட மேலாண்மை அமைப்பு) வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இந்தக் கண் கிடையாது. டிப்ளமோ முடித்திருந்தேன், புரோகிராம் எழுதத் தெரியும், அது போதும் என்றிருந்தேன். ஏழாவது மாடியில், குளிர்க்காற்றை அனுப்பும் ஏ.ஹெச்.யூ. இயந்திரத்தின் அறையில் வயரின் இழைகளை விரலால் முறுக்கி டெர்மினலில் செருகிக்கொண்டிருந்ததை மூத்த வயர்மேன் அண்ணன் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஒரு வயரைக் கழற்றினார். தலைமுடி கனத்தில் ஒற்றை இழை வெளியே மடங்கி நின்றது. அதை நகத்தால் நிமிர்த்திக் காட்டி, “தம்பி, இந்த ஒத்த இழை பக்கத்து டெர்மினல்ல பட்டா என்ன ஆகும்?” என்று கேட்டார். பக்கத்து டெர்மினல் 24 வோல்ட் சப்ளை. நான் செருகியது சென்சார் வயர். அந்த இன்புட்டே போயிருக்கலாம். அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து 48 நுனிகளையும் மறுபடி சீவி, லக்ஸ் அடித்து, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து மாட்டினேன். இழுத்தபோது இரண்டு கையோடு வந்தன.

அண்ணன் ரிலே பேனல் காலத்து ஆள். பம்ப், ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் ரிலேக்களை அடுக்கி லாஜிக் கட்டிய தலைமுறை. அந்த ரிலே அலமாரிகளை ஒழிக்கத்தான் பி.எல்.சி. என்கிற, புரோகிராம் செய்யக்கூடிய கன்ட்ரோலர் பிறந்தது. அமெரிக்காவில் 1968இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு ரிலேக்களுக்கு மாற்று கேட்டது. டிக் மோர்லி என்ற பொறியாளரும் கூட்டாளிகளும் செய்து கொடுத்த பெட்டி, அவர்கள் நிறுவனத்தின் 84ஆவது வேலை என்பதால் மோடிகான் 084 என்று பெயர் பெற்றது. ரிலே வரைபடம் படிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியனுக்கும் புரிய வேண்டும் என்றே புரோகிராமை ஏணி வடிவில் அமைத்தார்கள். அதனால்தான் கம்ப்யூட்டரைத் தொடாத அண்ணன் என் பின்னால் நின்று திரையைப் பார்த்து, “அந்த மூணாவது வரியில ஓவர்லோடு காண்டாக்ட் விட்டுப்போச்சே தம்பி” என்று சொல்ல முடிந்தது. விட்டுத்தான் போயிருந்தது. அந்த ஏணியை யோசித்தவர்கள்மேல் அன்றிலிருந்து எனக்குத் தனி மரியாதை.

கன்ட்ரோலருக்கு அறையும் தெரியாது, வெயிலும் தெரியாது. டெர்மினலில் வருவதுதான் அதற்கு உலகம். 10கே தெர்மிஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 25 டிகிரியில் 10,000 ஓம். சூடு ஏற ஏற ஓம் இறங்கும். வயர் கழன்றால் ஓம் எக்கச்சக்கமாக ஏறிவிடும், அதைக் கடுங்குளிர் என்று கன்ட்ரோலர் எடுத்துக்கொள்ளும். மே மாதச் சென்னையில் திரை மைனஸ் 40 காட்ட, குளிர்நீர் வால்வு இறுக மூடிக்கொள்ள, ஒரு மாடியே வியர்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். சரியாக முடுக்காத ஒரு ஸ்க்ரூதான் காரணம். 4-20 மில்லி ஆம்பியர் சென்சாரில் இந்தத் தொல்லை குறைவு. அளவு அடிமட்டத்தில் இருந்தாலும் 4 வந்தாக வேண்டும். 0 வந்தால் வயர் அறுந்துவிட்டது என்று கண்டுபிடித்துவிடலாம். எவ்வளவு அருமையான யோசனை!

அதே கட்டடத்தில் எங்களை மூன்று வாரம் அலைக்கழித்தது ஒரு கம்யூனிகேஷன் கோளாறு. 14 கன்ட்ரோலர்களை ஆர்.எஸ்.-485 வயரில், பேக்நெட் என்ற தகவல் பரிமாற்ற முறையில் இணைத்திருந்தோம். ஷீல்டு போட்ட, ஜோடியாக முறுக்கிய வயர். காலையில் எல்லாம் பச்சை. ஏ.ஹெச்.யூ.க்களின் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. ஓடத் தொடங்கினால் கடைசி மூன்றும் விட்டு விட்டு மறையும். டிப் ஸ்விட்சில் ஒரே முகவரி இரண்டுக்கு விழுந்திருக்கிறதா, பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறதா என்று பார்த்தோம். ஒரு கன்ட்ரோலரையே மாற்றினோம். அண்ணன் மட்டும் ஏணி போட்டு, ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்து, வயரைக் கையால் தடவிக்கொண்டே மாடி மாடியாகப் போனார். ஒன்பதாவது மாடியில் டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட் அவர் கையில் தட்டுப்பட்டது. பின்னால் சேர்த்த கன்ட்ரோலருக்கு யாரோ நடுவிலிருந்து கிளை எடுத்து இருபது மீட்டர் இழுத்திருந்தார்கள், அதுவும் வி.எஃப்.டி.யின் பவர் கேபிள் போகிற ட்ரேயிலேயே. இந்த வயருக்குக் கிளை ஆகாது. ஒரு கன்ட்ரோலருக்குள் நுழைந்து, அங்கிருந்தே கிளம்பி அடுத்ததற்குப் போக வேண்டும். இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வேண்டும், இல்லாவிட்டால் சிக்னல் முனையில் மோதித் திரும்பி வந்து பின்னால் வருவதோடு கலந்துவிடும். ஷீல்டை ஒரு பக்கம்தான் எர்த் செய்ய வேண்டும். அங்கே இரண்டு பக்கமும் செய்திருந்தது.

கிளையை வெட்டிவிட்டு, தனி ட்ரேயில் போக ஒன்று, வர ஒன்று என வயர் இழுத்தோம். மறுநாள் சாயங்காலம் வரை பதினான்கும் பச்சையாகவே இருந்தன. ஆனால் அந்த ஜாயின்ட் எந்த வரைபடத்திலும் இல்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை. பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தால் எங்களுக்கு மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

அந்த வாரமே அண்ணன் ஒவ்வொரு பேனல் கதவின் உட்புறமும் வரைபடம் வைக்க ஓர் உறை ஒட்டி, நூலில் கட்டிய பென்சில் ஒன்றைத் தொங்கவிட்டார். இப்போது அவர் ஊரோடு போய்விட்டார், திருவண்ணாமலைப் பக்கம். சென்ற மாதம் வேறு வேலையாக அந்தக் கட்டடத்துக்குப் போனவன், ஏழாவது மாடி பேனலைத் திறந்து பார்த்தேன். வரைபடத்தின் ஓரத்தில் எனக்குத் தெரியாத ஒரு கையெழுத்து. புதிதாகச் சேர்த்த ஈரப்பத சென்சார், டெர்மினல் எண், வயர் எண், தேதி எல்லாம் பென்சிலில் இருந்தன. உள்ளே அதே எண்ணில் ஃபெரூல், லக்ஸ் அடித்த நுனி. இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.