பெயர் எழுதும் கை

சிங்கப்பூரின் வடபால், ஜொகூர் நீரிணைக்கு அணித்தாய்க் கிராஞ்சி என்று ஓர் இடம் உண்டு. கெராஞ்சி என்பது மலாய்க்காரர் ஒரு காட்டு மரத்துக்கு இட்ட பெயர். மரம் போய் ஊர்ப்பெயர் நின்றுவிட்டது. 1942-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி இரவு ஜப்பானியரின் அரச மெய்காவற்படை இங்குள்ள சதுப்புக் கரையில் வந்திறங்கிற்று. நீரிற் பாய்ந்த எண்ணெய் தீப்பற்றி, அப்படையினர் பலர் கழியிலேயே வெந்து மாண்டனர். 15-ந் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது. இன்று அங்கே ஒரு குன்று; குன்றின் சரிவெல்லாம் புல்; புல்லின் மேல் வரிசை பிசகாத வெண்கற்கள்; உச்சியில் ஆகாய விமானத்தின் இறக்கை போலும் கூரையுடைய மண்டபம். பக்கத்திலே குதிரைப் பந்தய மைதானமும் இருந்தது. 2024-ம் ஆண்டு அக்டோபரில் பந்தயம் நின்றுபோகும் வரை, கிராஞ்சி ஸ்டேஷனில் இறங்கிய கூட்டம் எத்திசை நோக்கி நடந்தது என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

அக்குன்றில் 4,461 பேர் நினைவுகூரப்படுகின்றனர். கல்லறைகளுள் 850-க்கு மேற்பட்டவை இன்னாரென்று அறியப்படாதவருடையவை. கல்லறையே வாய்க்காத 24,000-க்கு மேற்பட்டவர்களின் பெயர்கள், 1957-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி திறக்கப்பட்ட மண்டபத்தின் சுவர்களில் படைப்பிரிவு வாரியாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் பல்லாயிரம் பெயர்கள் இந்தியப் படையினருடையவை. தத்தம் சமயமுறைப்படி தகனஞ் செய்யப்பட்ட ஏறக்குறைய 800 பேருக்குப் பின்புறத்தில் ஒரு தனி நினைவுக்கல் நிற்கின்றது. கணக்கெழுதும் தொழிலில் இருப்பவர் எவரும் இதனைக் கண்டு வியவாதிரார். தோட்டத்தில் நூறு பேருடைய செக்ரோலை மாதக் கடைசியில் பிழையின்றி மூடுவது எவ்வளவு பாடு என்பதை நாம் அறிவோம். இருபத்து நான்காயிரம் பெயரைக் கல்லில் மூடியிருக்கிறார்கள்!

ஆயினும் அச்சுவரின் முன் நிற்கும் தோட்டத் தமிழனுக்கு ஒன்று உறுத்தாமற் போகாது. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டு மடிந்த தொழிலாளரின் பெயர் ஒன்றும் அங்கே இல்லை. இருக்க விதியுமில்லை, அது படையினருக்குரிய சுவர். சயாமையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் ரயில்பாதை 1942-ல் தொடங்கி 1943-ம் ஆண்டு அக்டோபரில் முடிந்தது. அதில் உழைத்த போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். இறந்தவர் 12,000-க்கு மேல். கைதிகள் தங்களில் இறந்தவரின் பெயரையும் புதைத்த இடத்தையும் காவலர் கண்ணுக்கு மறைத்துக் குறித்து வைத்தனர்; அதனாலன்றோ பின்னர் எலும்புகளைத் தேடி எடுத்துக் கல் நாட்ட முடிந்தது. ஆசியத் தொழிலாளரோ அவர்களைவிடப் பன்மடங்கு. மாண்டவர் 80,000 என்றும் 1,00,000 என்றும் மதிப்பிடுகிறார்கள். ஒரு மதிப்புக்கும் மற்றொன்றுக்கும் இடையே இருபதினாயிரம் மனிதர் நிற்கிறார்கள் என்பதை நினைக்க வேண்டும். மலாயாவிலிருந்து போனவருள் மிகப் பலர் பால்மரக் காட்டுத் தமிழர்.

அவர்கள் யாங்ஙனம் சேர்க்கப்பட்டனர்? சில மாத வேலை, நல்ல கூலி, அரிசி என்று முதலில் ஆசை காட்டினர். ஆசைக்கு ஆள் சேராதபோது பிடித்தனர். இலவச சினிமா என்று கூட்டி, கதவைச் சாத்தி, லாரியில் ஏற்றியதும் உண்டு. ஆனால் அநேக தோட்டங்களில் இத்தனை தொல்லையும் வேண்டியிருக்கவில்லை. இத்தனை ஆள் வேண்டும் என்று ஆணை வந்தது, பட்டியல் எழுதப்பட்டது. வெள்ளைத் துரைமார் ஓடியும் சிறைப்பட்டும் போன பின்பு தோட்டத்தில் எழுத்தறிந்து எஞ்சியவர் யார்? கிராணிமார். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் அதே ஏட்டிலிருந்து சயாமுக்குப் பெயர்கள் பொறுக்கி எடுக்கப்பட்டன. தனக்கு வேண்டாதவன் பெயரை முதலில் எழுதிய கிராணியும் உண்டு, நோயாளி என்று எழுதிச் சிலரைக் காத்த கிராணியும் உண்டு என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாமும் அத்தொழிலில் இருப்பவராதலின் இவ்விஷயத்தை எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை.

போரை எதிர்க்கும் சமயம் என்று பெயர் பெற்றவை பல. அவற்றுள் கத்தோலிக்கத் திருச்சபையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். உலகளாவிய அமைப்பும் ஒரே தலைமையும் எழுத்தில் வகுத்த நீதியும் அதற்கு உண்டு. அர்ச். அகுஸ்தீனாரும் அர்ச். தோமையாரும் நீதியான போருக்கு இலக்கணம் கூறினர். உரிய அதிகாரம் அறிவிக்க வேண்டும். நியாயமான காரணம் வேண்டும். நோக்கம் நேரியதாயிருக்க வேண்டும். இலக்கணம் நன்றே. ஆனால் இம்மூன்றும் தன்னிடம் இல்லை என்று ஒப்புக்கொண்ட அரசன் ஒருவனையேனும் சரித்திரம் கண்டதுண்டா? ஜப்பான் ஆசியாவை மீட்க வந்ததாகச் சொல்லிற்று. பிரிட்டன் சுதந்தரத்தைக் காக்க நிற்பதாகச் சொல்லிற்று. அதன் சார்பில் கிராஞ்சிக் குன்றில் கிடக்கும் இந்தியச் சிப்பாயின் நாடோ அன்று அதே பிரிட்டனின் பிடியில் இருந்தது!

பாப்பரசர்கள் பேசாமலில்லை. 1917-ம் ஆண்டு ஆகஸ்டில் 15-ம் ஆசீர்வாதப்பர் போரிட்ட நாடுகளுக்கெல்லாம் சமாதானக் கடிதம் விடுத்தார். அவரை ஜெர்மானியர் பக்கத்தவர் என்று பிரெஞ்சுக்காரரும், பிரெஞ்சுக்காரர் பக்கத்தவர் என்று ஜெர்மானியரும் ஏசினர். 1939-ம் ஆண்டு ஆகஸ்ட் 24-ந் தேதி 12-ம் பத்திநாதர் சமாதானத்தால் இழப்பு ஒன்றுமில்லை என்ற கருத்துப்பட வானொலியிற் பேசினார். எட்டாம் நாள் போலந்தில் குண்டு விழுந்தது. அந்தப் படையிலும் ஞானஸ்நானம் பெற்றவர் இலட்சக்கணக்கினர். அவர்களுக்குப் பூசை வைக்கக் குருமார்களும் உடன் சென்றனர்.

இனி, பிடிபட்ட சிங்கப்பூரில் நிகழ்ந்தது என்ன? ஜொகூரிலிருந்து வரும் 170-ம் எண் பஸ் கிராஞ்சியைத் தாண்டிப் புக்கிட் தீமா சாலை வழியே சென்று குவீன் ஸ்ட்ரீட்டில் நிற்கிறது. அங்கிருந்து சில நிமிட நடையில் ஓஃபிர் ரோட்டில் லூர்து மாதா கோயில். 1888-ம் ஆண்டு தமிழ்க் கத்தோலிக்கருக்கென்றே எழுந்த கோயில். இன்றும் தமிழ்ப் பூசை நடக்கிறது. மரித்தோர் திருநாள் வந்தால் தம் வீட்டு இறந்தோர் பெயரைச் சீட்டில் எழுதிப் பூசைக்குக் கொடுப்பது கத்தோலிக்கர் வழக்கம். சயாமில் செத்தவருக்கு அத்தகைய சீட்டே கல்லறையாயிற்று என்றாலும் பிழையில்லை.

அக்காலத்தில் மலாக்கா மேற்றிராசனத்தின் மேற்றிராணியார் அத்ரியான் தெவால்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர். நகரில் உணவு குறைந்தபோது, மக்களைக் காட்டுக்கு அனுப்பிப் பயிரிடச் செய்யும் திட்டத்தை ஜப்பானிய அதிகாரிகள் வகுத்தனர். கத்தோலிக்கருக்கு நெகிரி செம்பிலானில் பஹாவ் என்ற இடம் ஒதுக்கப்பட்டது. மேற்றிராணியார் அதற்கு இசைந்தார். 1943-ம் ஆண்டு இறுதியில் யுரேஷியரும் சீனருமான தம் மக்களுடன் தாமும் அங்கே போனார். மண் விளையவில்லை, மலேரியா விளைந்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். மண்வெட்டி பட்டுக் காலிலுண்டான புண் முற்றி, 1945-ம் ஆண்டு ஜனவரியில் மேற்றிராணியாரும் இறந்தார். அவர் ஆக்கிரமிப்பை எதிர்த்து நின்றார் என்று நாம் எழுதமாட்டோம். திட்டம் ஜப்பானியருடையது, இசைவு அவருடையது. ஆனால் தாம் இசைந்த பட்டியலில் தம் பெயரையும் சேர்த்துக்கொண்டார். தோட்டங்களில் பட்டியல் எழுதியவருள் இப்படிச் செய்தவர் எத்தனை பேர்?

எதிர்த்து நின்றவர் ஒருவரைக் காட்ட வேண்டுமாயின் கடல் கடந்து போகவேண்டியிருக்கிறது. ஆஸ்திரியாவில் ராடெகுண்ட் என்னும் சிற்றூரில் பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் என்ற குடியானவர் இருந்தார். மனைவி, மூன்று பெண் குழந்தைகள், கோயில் மணியடித்துப் பூசைக்கு உதவும் வேலை. 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது, நாட்டின் மேற்றிராணிமார் அதற்கு ஆதரவாக அறிக்கை விட்டனர். அவ்வூரில் எதிர்த்து வாக்களித்தவர் இவர் ஒருவரே. 1943-ம் ஆண்டு மார்ச்சில் படைக்கு அழைத்தபோது, இப்போர் அநியாயமானது, இதில் ஆயுதம் எடுப்பது பாவம் என்று மறுத்தார். லின்ஸ் நகரத்து மேற்றிராணியார் குடும்பத்தை நினைக்குமாறு அறிவுரை கூறினார். அவர் மசியவில்லை. கையொப்பமிட்டால் உயிர் தப்பும் என்ற நிலையில் ஒரு தாள் மேசைமேற் கிடந்ததென்றும், அவர் அதைத் தொடவில்லையென்றும், கடைசியில் அவரைக் கண்ட குருவானவர் வழியாக ஒரு செய்தி உண்டு. ஆகஸ்ட் 9-ந் தேதி சிரச்சேதம் செய்தனர். சயாமில் ரயில்பாதைக்கு அவசரம் அவசரம் என்று நம்மவரை அடித்து வேலை வாங்கிய மாதங்கள் அவை. திருச்சபை அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தது 2007-ல். அறுபத்து நான்கு ஆண்டு!

இவ்விடத்தில் தோட்டத்து வாசகர் ஒருவர் எழுந்து, "அதெல்லாம் சரி ஐயா, அணுகுண்டு விழுந்ததால்தானே ஜப்பான்காரன் போனான்? சயாமிலே மிஞ்சியவர்கள் வீடு திரும்பியதும் அதனால்தானே?" என்று கேட்கக்கூடும். இக்கேள்வியை அலட்சியம் செய்ய நமக்கு உரிமையில்லை. ஆக்கிரமிப்பு முடிந்தபோது நம்மவர் அடைந்த ஆறுதல் உண்மையானது. ஆனால் குண்டு யார்மேல் விழுந்தது? 1945-ம் ஆண்டு ஆகஸ்ட் 9-ந் தேதி (யேகர்ஸ்டேட்டர் இறந்த அதே தேதி) நாகசாகியின் உரக்காமிப் பகுதியில் விழுந்தது. அது ஜப்பானியக் கத்தோலிக்கர் பல தலைமுறை மறைந்து வாழ்ந்து வேதத்தைக் காத்த இடம். கீழ்நாட்டுப் பெருங்கோயில்களில் ஒன்று அங்கே இருந்தது. அங்கு மாண்ட தாய்மாரும் குழந்தைகளும் எந்தத் தோட்டத்துப் பட்டியலும் எழுதியவர் அல்லர். குண்டு போட்ட விமானப் படையினருக்குத் தினியன் தீவில் குருவாயிருந்தவர் ஜார்ஜ் ஜபெல்கா என்ற அமெரிக்கக் கத்தோலிக்கர். தாம் அன்று வாய் திறவாதிருந்ததே குற்றம் என்று பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லி, சாகுமட்டும் போருக்கு எதிராகப் பேசி வந்தார். நம்முடைய விடுதலை அவர்கள் சாவினால் வந்ததென்றே வைத்துக்கொண்டாலும், அச்சாவு நியாயமாகிவிடாது. விலை கொடுத்தவர் நம்மைக் கேட்டுக் கொடுக்கவில்லை. நாமும் அவர்களைக் கேட்டு வாங்கவில்லை.

1965-ம் ஆண்டு டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதில் ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. நகரங்களை மக்களோடு பாகுபாடின்றி அழிக்கும் போர்ச்செயல் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்றது. அதைவிட நம் மனத்தைத் தொடுவது வேறொன்று: மக்களை ஒழிக்கச் சொல்லும் ஆணைக்குக் கண்மூடிக் கீழ்ப்படிந்தவன் "மேலிடத்து உத்தரவு" என்று சொல்லித் தப்ப முடியாது என்றும், எதிர்த்து நிற்பவன் பாராட்டுக்குரியவன் என்றும் அதே ஏட்டில் எழுதிற்று. காலஞ்சென்ற பிரான்சிஸ் பாப்பரசர் 2020-ல் விடுத்த சுற்றுமடலிலோ, நீதியான போர் என்ற பழைய இலக்கணத்தைக் கொண்டு இன்று ஒரு போரை நியாயப்படுத்துவதே மிகக் கடினம் என்னும் அளவுக்கு வந்துவிட்டார். இந்த வார்த்தை 1943-ல் தோட்டத்து ஆபீசுக்கு வந்திருந்தால் என்ன ஆயிருக்கும்? ஒருவேளை ஒன்றும் ஆகியிராது. எழுத மறுத்தால் கிராணியின் தலை போகும். அவன் இடத்தில் இன்னொருவன் எழுதுவான். ஆனால் இன்னொருவன் எழுதுவான் என்ற ஒரே நியாயத்தின் மேல்தான் எல்லாப் பட்டியல்களும் எழுதப்படுகின்றன.

பெயரொற்றுமை ஒன்று சொல்ல வேண்டும். இலங்கையில் கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிப் பகுதியிலும் கிராஞ்சி என்று ஓர் ஊர் உண்டு, கடலோரத் தமிழூர். 2008-ம் ஆண்டுக் கடைசியில் இராணுவம் முன்னேற, கிளிநொச்சி மாவட்டத்தார் கிழக்கே முல்லைத்தீவுக் கரைவரை பெயர்ந்து கொண்டே போனார்கள். 2009-ம் ஆண்டு மே மாதம் போர் முடிந்தது. அடுத்த ஆண்டுகளில் அந்நாட்டில் உரத்துப் பேசத் துணிந்தோர் மிகச் சிலர். அவர்களுள் ஒருவர் மன்னார் மேற்றிராணியார் இராயப்பு யோசேப்பு ஆண்டகை.

அவர் 2011-ம் ஆண்டு ஜனவரியில் அரசாங்கம் அமைத்த கமிஷன் முன்பு தோன்றினார். வேத வசனம் எடுத்து வாதாடவில்லை. கச்சேரிக் கணக்கையே எடுத்து வைத்தார். 2008-ம் ஆண்டு அக்டோபர் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருந்தவர் 429,059. 2009-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி வரை அரசாங்கப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர் 282,380. மிச்சம் 146,679 பேர். இவர்கள் எங்கே என்று கேட்டார். இத்தனை பேரும் கொல்லப்பட்டனர் என்று அவர் சொல்லவில்லை. கணக்குச் சொல்லுங்கள் என்றார். எந்தத் தோட்டத்துச் சின்னக் கிராணியும் போடக்கூடிய கழித்தல் அது. அதைப் போட்டுக் கேட்பதற்கு ஒரு மேற்றிராணியார் வேண்டியிருந்தது. கேட்டதற்காகப் போலீஸ் விசாரணையும் அவருக்கு வந்தது.

பேர்வாரியான கணக்கு அவருக்குக் கிடைக்கவில்லை. 2021-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி காலமானார்; அன்று பெரிய வியாழக்கிழமை.