திருகாணியின் புரி

முறுக்கிய கயிற்றின் இழையைப் புரி என்பது தமிழ் வழக்கு. முப்புரி நூல் என்னும் தொடரில் அச்சொல் இன்றும் வாழ்கின்றது. திருகாணியின் உடலைச் சுற்றிச் சுற்றி ஏறிச் செல்லும் வரம்பும் புரியே ஆகும். பட்டறைத் தொழிலாளர் அதனை மரை என்பர். அறிவு தடுமாறியவனை ‘மரை கழன்றவன்’ என்று எள்ளும் உலக வழக்கும் அப்பட்டறையிலேயே பிறந்தது போலும்!

ஒரு புரியின் முடியிலிருந்து அடுத்த புரியின் முடிவரை உள்ள தொலைவு புரியிடைத் தூரம் எனப்படும். ஆணியின் குறுக்களவு, புரியிடைத் தூரம், வரம்பின் கோணம் ஆகிய மூன்றும் ஒத்தாலன்றி ஓர் ஆணி ஒரு துளையில் செம்மையாகப் பொருந்தாது.

இவ்வொற்றுமை உலகிற்கு எளிதில் வாய்த்ததன்று. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துப் பட்டறைகள் தத்தமக்கென வெவ்வேறு அளவுகளை வைத்திருந்தன. ஓரிடத்தில் செய்த ஆணிக்கு மற்றோரிடத்து நட்டு சேராது. 1841-இல் ஜோசப் விட்வர்த் என்னும் பொறியாளர் பல பட்டறைகளின் ஆணிகளைத் திரட்டி, அவற்றை ஒப்பிட்டுப் பார்த்து, பொதுவான அளவுமுறை ஒன்றை முன்மொழிந்தார். அவர் கொண்ட கோணம் 55 பாகை. 1864-இல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து வில்லியம் செல்லர்ஸ் வேறொரு முறையை வகுத்தார். அவர் கொண்டது 60 பாகை. அரை அங்குல ஆணியில், அங்குலத்திற்கு 12 புரிகள் என்றார் முன்னவர். 13 என்றார் பின்னவர். ஒரு புரிதான் வேற்றுமை. ஆயினும் ஒருவர் ஆணி மற்றவர் நட்டில் ஏற மறுத்தது.

பொருந்தாமை எத்துணைக் கேடு விளைக்கும் என்பதற்கு அமெரிக்க நகரமாகிய பால்டிமோர் சான்றாயிற்று. 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் அங்குப் பெருந்தீ மூண்டது. அண்டை நகரங்களிலிருந்து தீயணைப்புப் படையினர் புகைவண்டியில் விரைந்து வந்தனர். குழாய்களோடு வந்தனர்; தெருவில் நீரும் இருந்தது. ஆனால், வந்த குழாய்களுட் பலவற்றின் இணைப்புகள் அந்நகரத்து நீர்க்குழாய் வாய்களில் பொருந்தவில்லை. 1,500-க்கு மேற்பட்ட கட்டடங்கள் எரிந்து போயின.

1948-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் கூடி, அங்குல ஆணிகளுக்கு 60 பாகைக் கோணமுடைய ஒரே முறையை ஏற்றன. மெட்ரிக் ஆணிகளின் கோணமும் 60 பாகையே. ஆகவே குழப்பம் ஒழிந்தது என்று எண்ணலாகாது. கார்ப் பட்டறைக்குச் சென்று, பழைய புகைபோக்கியை நீக்கிவிட்டு வேறொரு நிறுவனத்தார் செய்த புதிய புகைபோக்கியைப் பூட்டுகின்றவனைக் கண்டால் உண்மை விளங்கும்.

சைலன்சர் என்று மக்கள் பொதுப்படக் கூறும் புகைபோக்கி, எஞ்சினோடு சில ஆணிகளால் பிணைக்கப்பட்டிருக்கின்றது. அவ்வாணிகளின் வாழ்வு கொடியது. பெட்ரோல் எஞ்சின் கடுமையாக உழைக்கும்போது வெளிவரும் புகையின் வெப்பம் 800 பாகை செல்சியசையும் தாண்டும். வண்டி நின்றதும் ஆணி குளிரும். மழைநீரும் சேறும் வந்து தாக்கும். விரிந்தும் சுருங்கியும், துருவேறியும் வெந்தும், ஆணியும் நட்டும் நாளடைவில் ஓருடல் ஆகிவிடுகின்றன. அவற்றை வலிந்து திருகுவோன் கையில் ஆணியின் பாதி வரும். மற்றப் பாதி எஞ்சினுக்குள் தங்கிவிடும். துருவை நெகிழ்த்தும் எண்ணெயை முதல்நாள் இரவே ஊற்றிவைப்பவன் அறிவுடையவன். கழற்றும்போதும் ஒரே திசையில் திருகாமல், சிறிது தளர்த்திச் சிறிது முடுக்கி, மீண்டும் தளர்த்துவான்.

பழையதைக் கழற்றிய பின் புதியதைப் பூட்டுவதில்தான் புரியின் சூழ்ச்சி தொடங்குகின்றது. 8 மில்லிமீட்டர் ஆணியும் அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்குடைய ஆணியும் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். அங்குல ஆணியின் குறுக்களவு 7.94 மில்லிமீட்டர், வேற்றுமை ஒரு மயிரிழை. ஆனால் பெருவழக்கான மெட்ரிக் ஆணியின் புரியிடைத் தூரம் 1.25 மில்லிமீட்டர், அங்குல ஆணியினதோ 1.41. மெட்ரிக் ஆணிகளுக்குள்ளும் பகை உண்டு. 10 மில்லிமீட்டர் ஆணிகளில் புரியிடைத் தூரம் 1.5 உடையனவும் உள. ஜப்பானியக் கார்களில் மிகுதியாகக் காணப்படும் 1.25 உடையனவும் உள. இவ்விரண்டும் தம்முள் சேர்ந்தால், ஒரு சுற்றுக்குக் கால் மில்லிமீட்டர் பிழை ஏறும். இரண்டு சுற்றில் அரை மில்லிமீட்டர். முதற் சுற்றில் நண்பனைப் போல் நுழைந்த ஆணி, இரண்டாம் சுற்றில் இறுகி நிற்கும்.

இளைஞன் ஸ்பானரைத் தேடுவது இந்நொடியில்தான். பட்டறையில் மூத்தவர் ஒருவர் இருப்பின் அவர் தடுப்பார். “தம்பி, இரும்பு வேண்டாம் என்கிறது, நீ ஏன் வற்புறுத்துகிறாய்?” என்பார். “இல்லை அண்ணே, கொஞ்சம்தான் இறுக்கம்” என்பான் அவன். அக்கொஞ்ச இறுக்கத்தை நெம்பித் தள்ளினால், எஃகு ஆணி அலுமினியத் துளையின் புரியைச் சீவிக்கொண்டே உள்ளே போகும். இறுகியது போலத் தோன்றும். உண்மையில் பற்று ஒன்றும் இராது.

கை விரல்களே நல்ல கருவி. ஆணியைத் துளையின் வாயில் நேராக நிறுத்தி, முதலில் எதிர்த்திசையில் மெல்லத் திருப்பவேண்டும். ஓரிடத்தில் புரியின் முனை சட்டென விழுவதை விரல் உணரும். அங்கிருந்து முன்னோக்கித் திருகினால் ஆணி கோணாமல் நுழையும். நான்கைந்து சுற்றேனும் விரலாலேயே செல்லவேண்டும். செல்லாவிடின், துளையில் துருவோ கரியோ அடைத்துள்ளதா, அன்றி இனமே வேறா என்று பார்த்தல் முறை. சீப்பின் பற்கள் போன்ற தகடுகளை உடைய புரி அளவியை ஆணியின்மேல் வைத்தால், இடைவெளி தெரியாமல் படியும் தகடு அதன் இனத்தைச் சொல்லிவிடும். துரு அடைத்திருந்தால் புரியைத் துடைக்கும் கருவியை விடவேண்டும். புதுப்புரி வெட்டும் டாப்பைப் பொறுப்பின்றி விட்டால், துருவோடு நல்ல இரும்பையும் அது அரித்துவிடும்.

வெள்ளிபோல் ஒளிரும் ஸ்டெயின்லெஸ் எஃகு ஆணியை விலை கொடுத்து வாங்கி மகிழ்வோர் பலர். துருவுக்கு அது அஞ்சாது என்பது மெய்யே. ஆயினும் அதே எஃகால் ஆன நட்டை உலர்ந்தபடியே விரைந்து முடுக்கினால், இரண்டும் உராய்ந்து ஒட்டிக்கொண்டு, கழற்றவும் முடுக்கவும் இடங்கொடா. செம்புத்தூளோ நிக்கல்தூளோ கலந்த பசையைப் புரியில் சிறிது தடவுதல் இதற்கு மருந்து. பசை தடவிய ஆணி வழுக்கிச் செல்லுமாதலால், உலர்ந்த ஆணிக்கு உரிய விசையில் அதனை முடுக்குதல் மிகையாகும்.

புரி முற்றும் சிதைந்த துளைக்கும் கதி உண்டு. அதனைச் சற்றுப் பெரிதாகத் துளைத்து, அதற்கெனச் செய்த டாப்பால் புதுப்புரி வெட்டி, எஃகுக் கம்பிச் சுருள் ஒன்றைத் திருகி வைப்பர். சுருளின் உட்புறம் பழைய ஆணிக்குரிய புரியாகவே அமையும். அலுமினியத்தில் இவ்வாறு செப்பனிட்ட துளை, பிறந்தபோது இருந்ததைவிட வலிதாகிவிடும்.

ஓர் ஆணிக்கு இத்துணைப் பாடு வேண்டுமா என்று வினவலாம். இணைப்பில் மயிரளவு சந்து இருந்தாலும் புகை அவ்வழியே கசியும். புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது குருதியிலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைக் காட்டிலும் மிகவும் உறுதியாகப் பற்றிக்கொள்ளும். கண்ணாடிகளை மூடிக்கொண்டு வண்டிக்குள் உறங்கும் குழந்தைக்கு அக்கசிவு தெரியாது; ஓட்டுகின்ற தந்தைக்கும் தலைவலி என்றே தோன்றும். கசிவு, புகைக்குழாயில் திருகியுள்ள ஆக்சிஜன் உணர்விக்கு முன்னே அமைந்தால், வெளிக்காற்று உட்புகுந்து உணர்வியை ஏமாற்றும். பெட்ரோல் போதவில்லை என்றெண்ணி எஞ்சினும் வீணே மிகுதியாகக் குடிக்கும்.

ஆதலால் பூட்டியதும் வேலை முடிந்ததென்று கையைக் கழுவுவதில்லை நல்ல தொழிலாளி. திறந்த வெளியில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அதனை இயக்கி, பருத்த துணியால் குழாயின் கடைவாயைச் சிறிதுபோது அடைத்து, இணைப்பில் சீறல் எழுகிறதா என்று செவிமடுப்பான். வண்டி சில நாள் ஓடியபின் மீண்டும் கொணரச் சொல்வான். வெப்பத்தில் புதிய காஸ்கட்டு அழுந்தி நட்டுகள் தளர்ந்திருக்கும். குளிர்ந்த எஞ்சினில் அவற்றை ஒவ்வொன்றாக, மாறி மாறி, மறுபடியும் முடுக்கி அனுப்புவான்.