எத்தனை மார்க் படம்?



போன தீபாவளிக்கு எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டு சிரிக்கக் கூடாது.

என் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். அப்பாவுக்கு டீ பேக்டரியில் வேலை. வருடத்துக்கு ஒரு தடவை, போனஸ் வந்ததும், குன்னூருக்குப் போய் ஒரு படம் பார்ப்போம். ஒரே ஒரு படம்தான். அதனால் அது நல்ல படமாக இருக்கணும். இந்தத் தடவை நான்தான் தேர்ந்தெடுப்பேன் என்று அடம்பிடித்தேன்.

அண்ணன் போனில் பார்த்தேன். ஒரு படத்துக்கு விமர்சகர்கள் நிறைய மார்க் போட்டிருந்தார்கள். இன்னொன்றுக்கு விமர்சகர்கள் மார்க் கம்மி, ஆனால் ஜனங்கள் போட்ட மார்க் அதிகம். நான் முதல் படத்தைச் சொன்னேன். அம்மா மெதுவாக, "அந்த இன்னொண்ணுல பாட்டு நல்லாருக்காமே பாப்பா" என்றார். "அதுக்கு மார்க் கம்மிம்மா" என்று சொல்லிவிட்டேன்.

படம் எனக்குப் பிடித்தது. இடைவேளைக்குப் பிறகு திரும்பிப் பார்த்தால், அம்மா அப்பாவின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் இருந்த விரல்களில் இலைக்கறை அப்படியே இருந்தது. பஸ்ஸில் வரும்போது, "படம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

பள்ளி திறந்ததும் எங்கள் தமிழ் டீச்சரிடம் கேட்டேன், "மார்க் பார்த்துப் படத்துக்குப் போறது தப்பா டீச்சர்?" டீச்சர் நிறைய சொன்னார்.

ஆனந்த விகடன் பத்திரிகை பல வருடங்கள் படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டு வந்ததாம். 1977-இல் வந்த '16 வயதினிலே' படத்துக்கு 62.5. நான், "அவ்வளவுதானா?" என்றேன். "விகடன்ல அது ரொம்பப் பெரிய மார்க். மார்க்கை மட்டும் பார்க்காதே, போடுறவங்க கை எப்படின்னும் பார்க்கணும்" என்றார் டீச்சர். சரிதான், கணக்கு சாரின் 60-ம் மற்றவர்களின் 60-ம் ஒன்றா?

ராட்டன் டொமேட்டோஸ் என்று ஒரு அமெரிக்கத் தளம் இருக்கிறது. அதில் 90 சதவீதம் என்றால் படம் 90 மார்க் வாங்கியது என்று அர்த்தமில்லை. நூறு விமர்சகர்களில் 90 பேர் 'பரவாயில்லை, பார்க்கலாம்' என்று சொன்னாலே 90 வந்துவிடும். ஐஎம்டிபியில் ஜனங்களே பத்துக்கு மார்க் போடுகிறார்கள். ரசிகர்கள் 10 போடுவார்கள், பிடிக்காதவர்கள் வேண்டுமென்றே 1 போடுவார்கள்.

ஜனங்களும் மாறுவார்களாம். 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' தியேட்டரில் சரியாக ஓடவில்லை. பிறகு டிவியில் பார்த்துப் பார்த்துக் கொண்டாடினார்கள். இப்போது அதற்கு ஐஎம்டிபியில் 8-க்கு மேல். 1978-இல் 'முள்ளும் மலரும்' வந்தபோது முதல் சில வாரம் கூட்டமே இல்லையாம். பார்த்தவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிச் சொல்லித்தான் படம் ஓடியது.

இதையெல்லாம் வீட்டில் சொன்னேன். அப்பா சிரித்தார். "நம்ம பேக்டரி தூள் குன்னூர் ஏலத்துக்குப் போகுதில்ல? அங்க டீ டேஸ்டருங்க வரிசையா கப்பு வெச்சு, ஒரு ஸ்பூன் உறிஞ்சி, துப்பிட்டு, அடுத்த கப்புக்குப் போவாங்க. அவங்க சொல்றது பொய்யில்ல. எந்தத் தூள் ஒசத்தின்னு அவங்களுக்குத் தெரியும். ஆனா காலையில பனியில நின்னு வேலை செய்யப் போறவளுக்கு எந்த டீ வேணும்னு அவளைத்தான் கேக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. நான் அண்ணன் போனைக் கேட்டேன், டீச்சரைக் கேட்டேன். அம்மாவை மட்டும் கேட்கவே இல்லை. வருடம் முழுக்கக் காத்திருந்தது அவர்தானே!

மார்க் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் இனிமேலும் பார்ப்பேன். மோசமான படத்தில் காசு போகாமல் இருக்க அது உதவும். ஆனால் யார் போட்டது, எத்தனை பேர் போட்டார்கள் என்று பாருங்கள். அதைவிட முக்கியம், கூட வருகிறவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேளுங்கள்.

இந்த வருடம் அம்மாதான் படம் சொல்லணும் என்று சொல்லிவிட்டேன். "எனக்கென்ன தெரியும், நீங்களே பாருங்க" என்கிறார். நான் விடுவதாக இல்லை. தினமும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நேற்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது மட்டும், "பாட்டு இருக்கிற படமா இருந்தா தேவல" என்றார்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி