எஞ்சின் தாங்குமா?

கொடிகாமம் ஒரு சந்தை ஊர். கண்டி வீதியிலிருந்து பருத்தித்துறை வீதி பிரிகிற சந்தியைச் சுற்றித் தென்மராட்சியின் தேங்காயும் பலாப்பழமும் மாம்பழமும் வந்து குவிகின்றன. அவற்றை ஏற்றிப்போக லொறி, பட்டா, ஓட்டோ, லான்ட்மாஸ்ரர் எல்லாம் காத்து நிற்கின்றன. வடமராட்சி வியாபாரிகளையும் அவர்களின் கடகங்களையும் சுமந்து நெடுங்காலம் ஓடிய தட்டிவான் இந்தச் சந்தையை நம்பித்தான் ஓடியது. பாரம் ஏற்றும் ஊரில் கராஜ் இல்லாமல் முடியாது. இங்குள்ள கராஜ்களின் கைத்திறனைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1990களில் மண்ணெண்ணெயில் கார் ஓடிய கதையைச் சொல்லி, இல்லாமை பெற்றெடுத்த சூட்சுமம் என்று வியந்து, அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அந்தப் பாராட்டு எனக்குப் போதாது. ஓர் எஞ்சின் எவ்வளவு தாங்கும், எந்த இடத்தில் தாங்காது என்று கண்டறிகிற ஒழுங்கான தொழில் அறிவு அந்தக் காலத்தில் இங்கே வளர்ந்தது. இன்றைக்கு ஒரு பிள்ளை வந்து, தெருவில் ஓடும் தன் காருக்கு நைட்ரஸ் ஒக்சைட் பூட்டித் தரும்படி கேட்டால், பதில் சொல்ல வேண்டியதும் அந்த அறிவுதான்.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றறி, சீமெந்து எல்லாம் தடைப்பட்டியலில் ஏறின. பெற்றோல் கிடைத்தாலும் போத்தல் கணக்கில்தான் கிடைத்தது. மண்ணெண்ணெயும் தாராளமாக வரவில்லை, ஆனால் வந்தது. ஆகவே கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அதற்கு மாறின. பெற்றோல் எஞ்சினுக்கு மண்ணெண்ணெயால் இரண்டு தொல்லை. பெற்றோல் 40 பாகை செல்சியசை ஒட்டியே கொதிக்கத் தொடங்கிவிடும், மண்ணெண்ணெய்க்கு ஏறக்குறைய 150 பாகை வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குள் அது ஆவியாகாமல் துளியாகவே போகும், பற்றாது. பற்றிவிட்டாலும் அழுத்தத்தைத் தாங்காது. பிளக்கின் பொறியிலிருந்து சுவாலை பரவி வந்து சேருமுன்னர், மூலையில் கிடக்கும் கலவை தானாக வெடித்துவிடும். பிஸ்டன் மேல் சுத்தியலால் தட்டுவதுபோல் கேட்கும் அந்த ஓசையைத்தான் நொக்கிங் என்கிறார்கள். அதைக் காதில் வாங்காமல் ஓடினால் பிஸ்டன் உடையும், ஹெட் கஸ்கெற் போகும். கொட்டிலில் ஒதுங்கிக் கிடந்த ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், கேம்பிரிட்ஜ் கார்கள் அந்த ஆண்டுகளில் தெருவை ஆண்டதன் காரணம் இதுதான். ஏ40 சோமசெட்டின் அழுத்த விகிதம் 7.2க்கு 1. இன்றைய கார்களில் அது 10ஐத் தாண்டும். பழைய எஞ்சின் தாங்கியது, புதியது தாங்கவில்லை. எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது என்ற தெரிவில்தான் அந்த வேலை தொடங்கியது.

கைவேலையைக் கிட்ட நின்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். எயார் கிளீனரைக் கழற்றி, காபிரேற்றரின் வாய்க்குள் சின்னப் போத்தலால் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணுவார்கள். பிடித்ததும் சோக்கைப் பாதி இழுத்தபடி, எக்ஸோஸ்ட் சூடு இன்ரேக் குழாய்க்கு ஏறும்வரை உறுமவிட வேண்டும். அதற்குள் மிதித்தால் வெள்ளைப் புகை கண்ணைக் கரிக்கும், எஞ்சின் நின்றுவிடும். இது ஓட்டுகிறவரின் பங்கு. கராஜ்காரரின் பங்கு அதற்கு முன்பே முடிந்திருக்கும். ஹெட்டைக் கழற்றி, ஒரு கஸ்கெற் இருந்த இடத்தில் இரண்டைப் போட்டு அழுத்தத்தைக் குறைப்பார். டிஸ்ரிபியூட்டரைத் தளர்த்தி மெல்லத் திருப்பி, பொறி சற்றுப் பிந்தி விழும்படி ரைமிங்கை வைப்பார். கரி பிடிக்காதபடி கொஞ்சம் சூடாக நிற்கும் பிளக் தேடிப் போடுவார். அதற்குப் பிறகு டிப் ஸ்ரிக். ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் எரிந்து குறைய வேண்டிய இடத்தில் மட்டம் ஏறும். டிப் ஸ்ரிக்கை இழுத்து, ஒயிலை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்து, வழுக்கல் போய்விட்டதென்றால் ஒயில் மாற்றச் சொல்வார்கள். ஒயிலே அரிதாக இருந்த காலத்தில் அந்தச் சொல்லைச் சொல்வது சுலபமில்லை. சொல்லாவிட்டால் பெயரிங் தேய்ந்து எஞ்சின் சீஸ் ஆகிவிடும். நோயாளியையும் பிள்ளைத்தாச்சியையும் ஏற்றிப் போகிற கார் அது. 1995 ஒக்ரோபர் 30 இரவு போருக்கு அஞ்சி வலிகாமம் முழுதும் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது, நடுவழியில் நின்ற ஒரு வாகனத்தின் பெறுமதி என்னவென்று இந்தப் பகுதியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இதெல்லாம் படிக்காதவர்களின் குத்துமதிப்பு என்று ஒதுக்க நினைப்பவர்களுக்குத் தொழிற்சாலையையே சாட்சிக்குக் கூப்பிடலாம். 1949இல் வந்த பேர்கசன் டிஈடி20 உழவு இயந்திரம் மண்ணெண்ணெய் இனத்து எரிபொருளுக்கென்றே செய்யப்பட்டது. பெற்றோலுக்குச் சின்ன அறை, மற்றதற்குப் பெரிய அறை, பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணிச் சூடானபின் மாற்றும் ஏற்பாடு, குறைந்த அழுத்த விகிதம், இன்ரேக்கைச் சூடாக்கும் அமைப்பு எல்லாம் அதில் இருந்தன. இன்றும் வடக்குக் கடலில் மீனவர்கள் பூட்டி ஓடும் மண்ணெண்ணெய் அவுட்போட் எஞ்சின்கள் அதே வழியில்தான் வேலை செய்கின்றன. பொறியியலாளர் வரைபடத்தில் செய்ததை நம்மவர்கள் ஹெட்டைக் கழற்றி, இரண்டாவது கஸ்கெற்றை வைத்துச் செய்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே தீர்வுக்கு வந்து சேர்ந்திருக்கும்போது, ஒன்றை விஞ்ஞானம் என்றும் மற்றதைச் சமாளிப்பு என்றும் பிரிப்பது நியாயமில்லை.

எதிர்வாதம் உண்டு, அது பலமானதும்கூட. அந்தக் காலத்தை நாம் அழகுபடுத்திப் பேசுகிறோம் என்பது அது. மண்ணெண்ணெய்ப் புகையை மூச்சில் இழுத்த பிள்ளைகள், சூடான எஞ்சினுக்குமேல் திறந்த போத்தலில் பெற்றோலைப் பிடித்த ஆபத்து, ஆயுள் பாதியில் முடிந்த எஞ்சின்கள், இவற்றையெல்லாம் மறைத்துவிட்டுச் சாதனை என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது. மண்ணெண்ணெயில் ஓடிய கார் நல்ல காரல்ல, அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று எவரும் கேட்கவும் கூடாது. 2022 எரிபொருள் நெருக்கடியில் அந்தப் பழைய எண்ணம் பலருக்குத் திரும்ப எழுந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குத் தாவியதும் அதற்குப் பொருளும் இல்லாமல் போனது. நான் காப்பாற்றச் சொல்வது அந்த எரிபொருளை அல்ல. ஒரு மாற்றத்தைச் செய்யுமுன் அது எங்கெங்கே கெடுதல் செய்யும் என்று ஒவ்வொன்றாக நினைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு காப்பு வைத்த பழக்கத்தைத்தான். எரிபொருள், பொறி, சூடு, ஒயில் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தவர்கள் அவர்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளவில்லை.

நைட்ரஸ் ஒக்சைட்டிலும் அதே நான்குதான். அது எரிபொருள் அல்ல என்பதிலிருந்து தொடங்க வேண்டும், பலர் தவறுவது இங்கேதான். பல் பிடுங்கும்போது மயக்கத்துக்குக் கொடுக்கும் அதே வாயு. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் விமானங்கள் மெல்லிய காற்றில் உயரப் பறக்க இதைப் பயன்படுத்தின. எஞ்சின் சிலிண்டரின் கடும் சூட்டில் அது பிரிந்து ஒக்சிசனை விடுகிறது. காற்றின் நிறையில் ஒக்சிசன் 23 வீதம், நைட்ரஸில் 36 வீதம். கூடுதல் ஒக்சிசனுக்கு ஏற்ற கூடுதல் பெற்றோலும் சேர்ந்து போனால் வலு ஏறும். பெற்றோல் பிந்தினாலோ குறைந்தாலோ, அந்த ஒக்சிசன் எஞ்சினையே தின்னத் தொடங்கும். அலுமினியம் உருகுவது 660 பாகையில், எரியும் கலவையின் வெப்பம் அதைவிடப் பல மடங்கு. மண்ணெண்ணெய்க்குச் செய்ததுபோல் இங்கும் ரைமிங்கைப் பின்தள்ள வேண்டும், ஏனென்றால் எரிவு வேகமாகிவிடுகிறது. பிளக்கில் மட்டும் வழி தலைகீழ். மண்ணெண்ணெய்க்குச் சூடான பிளக், நைட்ரஸுக்கு ஒன்றிரண்டு படி குளிர்ந்த பிளக். ஏன் ரைமிங் ஒரே திசையிலும் பிளக் எதிர்த்திசையிலும் போகிறது என்று விளக்கத் தெரிந்தவர், கிற் பெட்டியில் வந்த தாளைப் பார்த்து மட்டும் பூட்டுகிறவரைவிட நம்பத்தக்கவர்.

அந்தத் தாள்களை எழுதியவர்கள் கொடிகாமத்து வெயிலை நினைத்து எழுதவில்லை. நைட்ரஸ் தன்னை அடைத்த சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது. 36.4 பாகைக்கு மேல் அது எந்த அழுத்தத்திலும் திரவமாக நிற்காது. அந்த எல்லையிலேயே உள்ளழுத்தம் 72 பார், கார் ரயரில் இருப்பதைப்போல் முப்பது மடங்குக்கு மேல். சித்திரை வைகாசியில் கதவுகளைப் பூட்டி வெயிலில் நிறுத்திய காரின் டிக்கி அந்த எல்லையைச் சாதாரணமாகத் தாண்டும். தாண்டினால் இரண்டு விளைவு. எஞ்சினுக்குப் போகும் அளவு கணக்குத் தப்பும். அழுத்தம் மேலும் ஏறிச் சிலிண்டரின் காப்புத் தகடு வெடித்தால், வாயு முழுவதும் காருக்குள் கொட்டி, மூச்சுக்கு இடமில்லாமல் போகும். ஆகவே இந்த மண்ணில் பாதுகாப்பான பூட்டல் டிக்கியில்தான் தொடங்க வேண்டும். சிலிண்டரை இரும்புப் பட்டியால் தரைத்தகட்டோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். காப்புத் தகட்டிலிருந்து ஒரு குழாயைக் காருக்கு வெளியே கொண்டுபோய் விட வேண்டும். ஓடாத நேரத்தில் வால்வை மூடி, சிலிண்டரைக் கழற்றி நிழலில் வைக்க வேண்டும். நெருப்பால் சூடாக்கி அழுத்தம் ஏற்றும் வேலையைக் கனவிலும் செய்யக்கூடாது. இணைப்புகளில் கிறீஸோ ஒயிலோ ஒட்டக்கூடாது, ஒக்சிசன் நிறைந்த வாயுவுக்கு அது தீனி. இந்தக் கடைசி விதி கராஜில் கைப்பழக்கத்துக்கு நேரெதிரானது. நட்டை இறுக்குமுன் துளி ஒயில் விட்டுப் பழகிய கை அது. முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டியதும் அதனால் இதையே.

எஞ்சின் பக்கம் வந்தால், அக்சிலேற்றர் முழுதும் மிதிபடும்போது மட்டும் வாயு திறக்கும் சுவிட்ச் வேண்டும். சுற்று வேகம் ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் திறக்காத காப்பு வேண்டும். பெற்றோல் அழுத்தம் விழுந்த உடனே வாயுவை நிறுத்தும் இன்னொரு சுவிட்ச் வேண்டும். இவற்றில் ஒன்றையாவது செலவு பார்த்து விடச் சொல்கிற வாடிக்கையாளருக்கு வேலை செய்யக்கூடாது. அளவும் ஒரு காப்புத்தான். இங்கே அதிகம் ஓடும் சுசுகி வாகன் ஆர் போன்ற 660 சிசி காரின் வலு, ரேர்போ இல்லாவிட்டால், 52 குதிரைவலு. சின்ன அளவு என்று பேர்பெற்ற 50 குதிரைவலு நைட்ரஸைக் கொடுத்தாலே அந்த எஞ்சினிடம் இரட்டிப்பு வேலை கேட்டதாகிவிடும். கொனெக்ரிங் ரொட் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. அப்படிப்பட்ட காருக்கு நேர்மையான மெக்கானிக்கின் பதில் “தம்பி, இது தாங்காது” என்பதுதான். 1990களில் புதிய கார்களைக் கொண்டுவந்தவர்களுக்குச் சொன்ன பதிலும் அதுவே.

அப்படியானால் நைட்ரஸையே தடுத்துவிடலாமே, எதற்குச் சொல்லிக் கொடுப்பது என்று கேட்பார்கள். கேள்வியின் முதற் பாதி எனக்கு முழு உடன்பாடு. ஊர்மனைக்குள் 50, வெளியே 70 கிலோமீற்றர் என்று எல்லையிட்ட தெருவில், பள்ளிக்கூடப் பிள்ளையும் சைக்கிளும் மாடும் போகிற ஏ9 கண்டி வீதியில், இந்த வலுவுக்கு ஒரு வேலையும் இல்லை. சிலிண்டர் திறக்க வேண்டிய இடம் மூடிய ஓட்டத்தடம் மட்டுமே. அங்குங்கூட, 2024 ஏப்ரலில் தியத்தலாவ பொக்ஸ்ஹில் பந்தயத்தில் தடம் விலகிய கார் ஏழு பேரின் உயிரைப் பறித்ததை நாடு பார்த்தது. ஆனால் இரண்டாம் பாதி, அதாவது சொல்லிக்கொடுக்காமல் விட்டால் ஆபத்து குறையும் என்ற நம்பிக்கை, தவறு. கிற் காசுக்குக் கிடைக்கும் பொருள். தெரிந்தவர் மறுத்தால் தெரியாதவர் பூட்டுவார். மறுப்பதற்குங்கூடக் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவதைவிட, கொனெக்ரிங் ரொட்டைக் கையில் கொடுத்து, அதன் தடிப்பைக் காட்டிச் சொல்லும் “இல்லை” இளைஞர் மனதில் நிற்கும்.

இன்னொரு தடை சொல்வார்கள். இன்றைய கார் கணினியில் ஓடுகிறது, காபிரேற்றர் காலத்து அறிவு எதற்கு என்று. கணினி செய்வது என்ன என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். நொக் சென்சர் காதின் வேலையைச் செய்கிறது. ஒக்சிசன் சென்சர், பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்துக் கலவை கூடவா குறையவா என்று சொன்ன கண்ணின் வேலையைச் செய்கிறது. தொழிற்சாலை எதிர்பார்த்த எல்லைக்குள் மட்டுமே அந்தக் கணினிக்குத் திருத்தத் தெரியும். வெளியிலிருந்து திடீரென்று ஒக்சிசன் கொட்டினால், அது உணர்ந்து ரைமிங்கைப் பின்தள்ளுமுன் பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிடும். ஸ்கானரில் தெரியும் எண்ணுக்கு எஞ்சினுக்குள் என்ன பொருள் என்று அறிந்தவர்தான் அந்த இடைவெளியை மூட முடியும்.

அப்படி அறிந்தவர்கள் இப்போது அறுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் பழகவேண்டிய பெடியள் வெளிநாட்டுக்குப் போகிறார்கள், அல்லது பாட்ஸ் மாற்றுவதோடு நின்றுவிடுகிறார்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 வரை தனியார் கார்களுக்குத் திறக்கவில்லை. அந்த ஐந்தாண்டு நாட்டின் பழைய எஞ்சின்களை ஓடவைத்தவர்கள் இப்படியான கராஜ்காரர்கள்தான். முன்னனுபவத்தைக் கணித்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு இலங்கையில் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கிறது. கொடிகாமத்திலிருந்து கண்டி வீதியால் நேராகப் போகிற தூரம்தான். அந்த நிறுவகத்து வேலைத்தளத்தில் ஒரு ஏ40 எஞ்சினை நிறுத்தி, தென்மராட்சியின் மூத்த மெக்கானிக் ஒருவரைச் சம்பளத்துக்கு அழைத்து, பெற்றோலிலிருந்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் ஒவ்வொரு படியையும் மாணவர் முன் செய்துகாட்ட வைக்க வேண்டும். நொக்கிங் எப்போது தொடங்குகிறது என்று சென்சரும் சொல்லட்டும், அவரும் சொல்லட்டும், இரண்டையும் பதிவு செய்யட்டும். அதன் பிறகு அதே வகுப்பில் நைட்ரஸ் கிற் ஒன்றைப் பிரித்து மேசையில் வைத்து, எந்த எஞ்சினுக்கு இதைப் பூட்ட மறுப்பீர்கள், ஏன் என்று பரீட்சையில் கேட்கட்டும்.